மைதானத்திலும் வானத்திலும் ஒருவர்

கேள்வி: பிரான்ஸில் தாக்ஸ் என்னும் ஊரில் பணிபுரியும் என் மகன், அங்குள்ள ரக்பி மைதானத்தின் முகப்பைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அதற்கு மோரிஸ் புவாயோ என்று பெயராம். அவர் ரக்பி வீரர் என்கிறான் மகன். போர் விமானி என்கிறார் அவனுடைய நண்பர். எது சரி?
– வாசகி ஒருவர், திருமங்கலம்

பதில்: இருவர் சொல்வதும் சரியே. 1888-இல் அல்ஜியர்ஸை ஒட்டிய முஸ்தபாவில் பிறந்த புவாயோ, போர்தோ நகரின் ஸ்தாத் போர்தலே கழகத்தில் பெயரெடுத்து, 1912, 1913 ஆண்டுகளில் பிரான்ஸுக்காக ஆறு ஆட்டங்கள் ஆடினார், அணித்தலைவராகவும் இருந்தார். 1906-இல்தான் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடிய நாடு அது என்பதால், அவரைத் தொடக்ககால வீரர்களுள் ஒருவராகவே கொள்ள வேண்டும்.

அவர் ஆடிய இடம் ஃபிளாங்கர். முன்வரிசையினர் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்கிரம்மின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு நின்று, பந்து வெளிப்பட்டதும் முதல் ஆளாக விடுபட்டுப் பாய்ந்து எதிராளியை மடக்குவது அவர் வேலை. அலங்காநல்லூரில் வாடிவாசலின் ஓரத்தில் அணைந்து நிற்கும் மாடுபிடி வீரரைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

முதல் உலகப் போரில் அவர் சேர்ந்த 77-ஆம் விமானப் பிரிவில் விளையாட்டு வீரர்கள் பலர் இருந்ததால் அதற்கு 'விளையாட்டுக்காரர்கள்' என்றே பட்டப்பெயர். அவர் கணக்கில் சேர்ந்த 35 வெற்றிகளில் 21 பலூன்கள். பலூனைச் சுடுவதில் என்ன வீரம் என்று எண்ண வேண்டாம். திருப்பரங்குன்றத்தின் உச்சியில் நின்றால் மீனாட்சியம்மன் கோபுரங்கள் தெரிவதுபோல, இரும்புக் கம்பியில் கட்டி உயரே விடப்பட்ட அந்த ஹைட்ரஜன் பலூனின் கூடையிலிருந்து எதிரியின் அணிகள் அனைத்தும் தெரியும். பார்ப்பவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, கீழே பீரங்கிகள் குறியைத் திருத்திக்கொள்ளும். ஆகவே அதைச் சுற்றிக் காவல் துப்பாக்கிகள் நிறைந்திருக்கும். பலூன் நிற்கும் உயரம் தெரிந்தே இருப்பதால், நெருங்கும் விமானத்துக்குக் குறிவைப்பதும் அவர்களுக்கு எளிது. விமானத்தோடு விமானம் மோதும் சண்டையைவிட இதையே நான் கடினமானதாகக் கருதுகிறேன்.

1918 செப்டம்பர் 16 அன்று, அப்படி ஒரு பலூனைத் தாக்கச் சென்ற புவாயோ திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. போர் முடிய அப்போது எட்டு வாரங்களே இருந்தன.