பழைய பஸ்ஸை மோட்டார் ஹோமாக மாற்றினால் எந்த இன்சூரன்ஸ் எடுப்பது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பழைய பஸ்ஸை வாங்கி உள்ளே கட்டில், சமையலறை, குளியலறை எல்லாம் போட்டு மாற்றுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசி. அதாவது வண்டி மொத்தமாகப் போனால் எவ்வளவு தருவார்கள் என்பதை நீங்களும் கம்பெனியும் முன்கூட்டியே பேசி எழுதிவைப்பது.

ஏன் என்றால், சாதாரண பாலிசி சந்தை விலையைத்தான் பார்க்கும், மாற்றிக் கட்டிய பஸ்ஸுக்கு அப்படி ஒரு விலைப் பட்டியல் இல்லாததால் கடைசியில் பழைய பஸ்ஸின் விலையிலேயே வந்து நிற்பார்கள். ஆரி வேலை செய்த கல்யாண ரவிக்கைக்கு வெறும் துணி விலையைக் கொடுக்கிற மாதிரி. அதனால் தச்சு வேலை, சோலார், பேட்டரி என்று ஒவ்வொரு பில்லையும் போட்டோவோடு பத்திரமாக வையுங்கள்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்கத் தொகையைக் குறைத்துச் சொல்லவே சொல்லாதீர்கள். 20 லட்சம் ராண்ட் பெறும் வண்டியை 10 லட்சத்துக்குப் போட்டால், பல பாலிசிகளில் 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் வரும். பாதிக்குத்தானே காப்பீடு எடுத்தீர்கள் என்பது அவர்கள் கணக்கு.

அப்புறம் உரிமம். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டினால் சி1 வகை உரிமம், 16,000 கிலோவைத் தாண்டினால் சி வகை உரிமம் வேண்டும். ஓட்டியவரிடம் அது இல்லையென்றால் கிளெய்மை மறுக்கலாம்.

பெட்ரோல், டீசல் விலையிலேயே அரசின் சாலை விபத்து நிதிக்குப் பணம் போகிறதே, அது போதாதா என்று பலர் நினைக்கிறார்கள்; அது ஆட்களின் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும்தான், உங்கள் பஸ்ஸுக்கோ நீங்கள் இடித்த காருக்கோ ஒரு சென்ட் கூட வராது.