ஸ்கோரர் பதில்கள்: சேப்பாக்கத்துக்குப் பதினொருவர்

(எல்லாக் காலத்துக்குமான இந்திய டெஸ்ட் அணியைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு வாசகர் கேட்டதற்குச் சென்ற இதழில் பதில் எழுதியிருந்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன்: ஆட்டம் சேப்பாக்கத்தில், பொங்கல் வாரத்தில், ஐந்து நாள் நடக்கிறது. பேட்டிங் வரிசை இது: கவாஸ்கர், சேவாக், திராவிட், டெண்டுல்கர், விஸ்வநாத், வினு மன்கட், கபில்தேவ், கிர்மானி, அஸ்வின், கும்ப்ளே, பும்ரா. அதற்கு வந்த கடிதங்கள் ஒரு துணிப்பை நிறைய இருக்கின்றன. பாராட்டு இரண்டு, மற்றவை வசவு.)

தோனி இல்லாமல் சேப்பாக்கத்தில் ஓர் அணியா? உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா? – குரோம்பேட்டை வாசகர் (இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்ட நாற்பத்தாறு பேருக்கும் சேர்த்து)

இருக்கிறது ஐயா. அது சொன்னதால்தான் விக்கெட் கீப்பராகக் கிர்மானி.

முப்பத்தொரு வருடம் சென்னை லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன் நான். எங்கள் மேசை பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும். பந்து எவ்வளவு திரும்பியது என்பது அங்கிருந்து தெரியாது. பேட்ஸ்மேனின் கால் கோட்டை விட்டு எவ்வளவு வெளியே வந்தது, கீப்பரின் கையுறை எப்போது ஸ்டம்புக்கு வந்தது, இவை இரண்டும் துல்லியமாகத் தெரியும். ஒருமுறை ஓர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரின் பந்தில் ஒரே பிற்பகலில் மூன்று ஸ்டம்பிங் வாய்ப்புகளைக் கீப்பர் தவறவிட்டார். மாலையில் அந்தப் பையன் தன் கணக்கைக் கேட்டு வந்தான். இருபத்திரண்டு ஓவர், எழுபது ரன், ஒரு விக்கெட் என்று படித்துக் காட்டினேன். அவன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தவறவிட்ட ஸ்டம்பிங்குக்கு ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் கிடையாது. அன்றிலிருந்து நான் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைப்பேன், என் திருப்திக்கு.

1952 பிப்ரவரியில் இதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்றோம். இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றி அது. மன்கட் முதல் இன்னிங்சில் 55 ரன்னுக்கு 8, இரண்டாவதில் 53 ரன்னுக்கு 4. அந்த எட்டில் நான்கு, கீப்பர் புரோபிர் சென் செய்த ஸ்டம்பிங். சென் அன்று தடுமாறியிருந்தால் மன்கட்டின் பெயருக்கு நேரே நான்கு விக்கெட்தான் இருந்திருக்கும். ஓரத்தில் நான்கு வட்டம். என் அணியிலும் மன்கட், அஸ்வின், கும்ப்ளே என்று மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒரு பந்து கணுக்காலுக்கு வரும், அடுத்தது மார்புக்கு எழும்பும். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் ஆகியோரின் பந்துகளைப் பிடித்துப் பழகிய கை அங்கே வேண்டும்.

புள்ளிவிவரம் என் பக்கம் சாயவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிர்மானி 88 டெஸ்டில் 38 ஸ்டம்பிங். தோனி 90 டெஸ்டில் அதே 38. பேட்டிங்கை எடுத்தால் தோனி எங்கேயோ இருக்கிறார். 2013இல் இதே மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 224 அடித்தாரே, அதை மறந்துவிட்டு எழுதவில்லை. ஆனால் கிர்மானியும் மட்டையைப் பிடிக்கத் தெரியாதவர் அல்லர். 1983 டிசம்பரில் இங்கே கவாஸ்கர் 236 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றபோது, ஒன்பதாவது விக்கெட்டுக்கு அவருடன் பிரியாமல் 143 ரன் சேர்த்தவர் கிர்மானி. எதிரே பந்து வீசியது வேகப்பந்து வீச்சாளர் மார்ஷல் இருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணி.

என் பேரன் ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதுவும் பரவாயில்லை.

கவாஸ்கரின் அந்த 236 நான்காவது இடத்தில் இறங்கி எடுத்தது. அதைக் காட்டித் தொடக்க ஆட்டக்காரராகச் சேர்ப்பது முறையா? – திண்டுக்கல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

கெட்டிக்காரர் நீங்கள். நான்காவது இடம்தான். ஆனால் அவர் உள்ளே வந்தபோது ஸ்கோர் என்ன? பூஜ்யத்துக்கு இரண்டு. இரண்டும் மார்ஷலுக்கு. தொடக்க ஆட்டக்காரர் பார்க்கும் அதே பூஜ்யம்தான், இரண்டு விக்கெட் விழுந்த பிறகு இன்னும் கொஞ்சம் கனமான பூஜ்யம். அது அவருடைய முப்பதாவது சதம்; பிராட்மனின் 29ஐத் தாண்டியது அன்றுதான்.

மைதானம் எதுவாக இருந்தால் என்ன? சிறந்த பதினொருவர் எங்கும் சிறந்தவர்கள்தானே? – கோவை வாசகி

இல்லை அம்மா. ‘எல்லாக் காலத்துக்கும்’ என்று சொல்லிவிட்டு எல்லா இடத்துக்கும் என்று நாமே சேர்த்துக்கொள்கிறோம். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் மனத்தில் பந்து சுழலும் சேப்பாக்கம், இன்னொருவர் மனத்தில் வேகப்பந்து எகிறும் ஆஸ்திரேலியாவின் பெர்த். இருவரும் ஒரே அணியைப் பற்றி வாதாடுவதாக நினைத்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்தை பிரிஸ்பேனுக்கு மாற்றுங்கள், முதல் ஆளாகக் கிர்மானியை நானே எடுத்துவிடுவேன். 2021இல் அங்கே 89 அடித்து ஆட்டமிழக்காமல் வென்று கொடுத்த ரிஷப் பந்த் வருவார். கும்ப்ளேவுக்குப் பதில் ஜாகீர் கான். மன்கட்டின் இடத்தில் வி.வி.எஸ். லட்சுமண். தோனி ரசிகர்கள் கவனிக்க: அங்கேயும் அவர் இல்லை.

நான்கு பேர் கர்நாடகம், ஒருவர் தமிழ்நாடு. இருந்தும் அஸ்வினைச் சேர்த்தது ஊர்ப்பாசம் என்கிறேன். பிரசன்னா எங்கே? சந்திரசேகர் எங்கே? – பெங்களூருத் தமிழர்

நான்கு பேர் வாங்கியும் கோபமா? உங்களுக்கு இன்னொரு செய்தி: அந்த நால்வரில் கிர்மானி பிறந்தது சென்னையில்.

ஊர்ப்பாசம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அஸ்வினுக்கு அது தேவையில்லை. 106 டெஸ்ட், 537 விக்கெட், ஆறு சதம். சேப்பாக்கத்தில் மட்டும் பாருங்கள். 2021இல் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஒரு சதமும் எட்டு விக்கெட்டும். 2024இல் வங்கதேசத்துக்கு எதிராக 113 ரன், பிறகு 88 ரன்னுக்கு 6 விக்கெட். உள்ளூர்க்காரர் என்பதற்காக அவரை ஒதுக்கினால் அதுதான் அநியாயம்.

சந்திரசேகரை விட்டதில் எனக்கும் வருத்தம். டெஸ்டில் அவர் எடுத்த விக்கெட் 242, அடித்த ரன் 167. பும்ராவை ஏற்கெனவே பதினொன்றாவது இடத்தில் உட்கார வைத்துவிட்டேன். பன்னிரண்டாவது இடம் என்று ஒன்று பேட்டிங் வரிசையில் இல்லை. பிரசன்னாவைப் பற்றி மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

மன்கட் 231 அடித்ததும் சேப்பாக்கத்தில்தான் என்று எழுதியிருந்தீர்களே? – மயிலாப்பூர் வாசகர்

தப்பு. என் தப்பு. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக மன்கட் 231, பங்கஜ் ராய் 173, இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413. அந்த உலகச் சாதனை 2008 வரை நின்றது. ஊர் சென்னைதான், மைதானம் வேறு: இன்று நேரு விளையாட்டரங்கம் இருக்கும் இடத்திலிருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியம். நிபந்தனை போட்டவனே மைதானத்தைக் கோட்டை விட்டேன். 231ஐக் கழித்துவிடுங்கள், 1952இன் பன்னிரண்டு விக்கெட் போதும் அவரை அணியில் வைக்க. அந்த ஆட்டத்துக்கு என் அப்பா போனார். முதல் நாள் ஆட்டத்தின்போது இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்து, ஆட்டத்தின் நடுவே வர வேண்டிய ஓய்வை அடுத்த நாளுக்கே கொண்டுவந்துவிட்டார்களாம். ஒரு நாள் சம்பளத்தை இழந்து விடுப்பு எடுத்து வந்தவர், கேட் மூடியிருந்ததைப் பார்த்துத் திரும்பிப் போன கதையைச் சாகும்வரை சொன்னார்.

இவ்வளவு பேச்சு எதற்கு? சராசரியை வரிசையாகப் போட்டால் அணி தானாக வந்துவிடுமே. – திருச்சி, பொறியியல் மாணவர்

போட்டுப் பார் தம்பி. டெண்டுல்கர் 200 டெஸ்ட், சராசரி 53.78. வினோத் காம்ப்ளி 17 டெஸ்ட், சராசரி 54.20. யாரை வெளியே அனுப்பப் போகிறாய்?

குறைந்தது ஐம்பது டெஸ்ட் என்று ஒரு வரம்பு வைப்பேன் என்பாய். சரி. அப்படியானால் விஜய் மெர்ச்சண்ட்? முதல்தர ஆட்டங்களில் அவர் சராசரி 71.64, பிராட்மனுக்கு அடுத்த இடம். அவர் ஆடிய டெஸ்ட் பத்தே பத்து. வயது நன்றாக இருந்த வருடங்களை இரண்டாம் உலகப் போர் தின்றுவிட்டது. உன் வரம்பு போரையும் தகுதிக் குறைவாகக் கணக்கிடும். சராசரியைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. நான் வாழ்நாளெல்லாம் வகுத்தவன். வகுத்த பிறகு தலையை நிமிர்த்து என்கிறேன்.

கோலியை விட்டுவிட்டு விஸ்வநாத்தா? – சேலம், பெட்டிக்கடைக்காரர்

1975 ஜனவரி. நான் கல்லூரி மாணவன். சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். இந்தியா மொத்தம் 190. அதில் விஸ்வநாத் 97, ஆட்டமிழக்கவில்லை. கடைசி ஆளாக வந்தவர், மேலே சொன்ன அதே சந்திரசேகர். சதத்துக்கு மூன்று ரன் பாக்கி என்பதை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆட்டத்தை இந்தியா 100 ரன்னில் வென்றது. ராபர்ட்ஸின் பந்து மட்டையைவிட்டு ஸ்கொயர் திசையில் ஓடிய சத்தம் எங்கள் மரப்பலகைவரை கேட்டது. கோலி 2013இல் இங்கே 107 அடித்தார், நல்ல சதம். அந்தச் சத்தம் எனக்கு நினைவில் இல்லை. போதுமா? போதாது என்று தெரியும்.

சேவாக்? – அரக்கோணம், அஞ்சல் அட்டை, ஒரே சொல்

319. – சென்னை, ஒரே எண்.

சச்சின் சேப்பாக்கத்தில் அடித்த பெரிய சதம் தோற்ற ஆட்டத்தில்தானே? – நாகர்கோவில் வாசகர்

இங்கே ஐந்து சதம் அடித்தவர் அவர். நீங்கள் சொல்வது 1999 ஜனவரி 31, பாகிஸ்தானுக்கு எதிராக 136. வெற்றிக்கு 271 வேண்டும். நான் அன்று வேலையாகப் போகவில்லை, டிக்கெட் வாங்கி ரசிகனாகப் போனேன். ஆனாலும் மடியில் நோட்டு. எங்கள் தொழிலில் ஆறு பந்தும் ரன் இல்லை என்றால் ஆறு புள்ளி வைத்து, அவற்றைக் கோட்டால் இணைத்து ‘எம்’ என்ற எழுத்தாக்குவோம், மெய்டன். நடுவே விக்கெட் விழுந்திருந்தால் ‘டபிள்யூ’வாக இணைப்போம். 254இல் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்து டெண்டுல்கர் ஏழாவதாக வெளியேறினார். பதினேழு ரன், மூன்று விக்கெட். பக்கத்தில் இருந்தவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார், பிறகு பிரித்தபடியே வைத்துக்கொண்டிருந்தார். நான்கே ரன்னில் மீதி மூன்றும் போயின. கடைசியாக ஸ்ரீநாத். 258. பிறகு முழு மைதானமும் எழுந்து பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்து நோட்டைக் கூட்டினால் 257தான் வந்தது. எங்கேயோ, காலில் பட்டு ஓடிய லெக் பை ரன் ஒன்றை விட்டிருக்கிறேன். இன்றுவரை எந்த ஓவர் என்று கண்டுபிடிக்கவில்லை.

கேப்டன் யார்? – பலர்

கும்ப்ளே. 2002இல் ஆண்டிகுவாவில் உடைந்த தாடைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு 14 ஓவர் வீசி லாராவை அவுட்டாக்கியவர். அவர் பீல்டரை நகரச் சொன்னால் கவாஸ்கரும் நகர்வார்.

டெஸ்டே ஆடாதவர்களுக்கு உங்கள் அணியில் இடம் இல்லையா? – மதுரை வாசகர்

டெஸ்ட் அணி என்று பெயர் வைத்துவிட்டேன், வாசலிலேயே தடுத்துவிட்டது. ராஜிந்தர் கோயல் ரஞ்சிக் கோப்பையில் எடுத்தது 637 விக்கெட். ஆடிய டெஸ்ட் ஒன்றும் இல்லை. பேடி ஆடிய காலத்தில் அவரும் இடக்கைச் சுழற்பந்து வீசினார், அதுதான் அவர் செய்த பிழை. நம் ஏ.ஜி. ராம்சிங் 1934இல் இதே சேப்பாக்கத்தில், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், மைசூருக்கு எதிராகப் பதினொரு விக்கெட் எடுத்து ஒரே நாளில் ஆட்டத்தை முடித்து வைத்தார். அவருக்கு டெஸ்ட் கிடைக்கவில்லை. மகன்கள் கிருபால் சிங்குக்கும் மில்கா சிங்குக்கும் கிடைத்தது. இவர்களுக்கென்று தனி அணி போட்டு என் பதினொருவரோடு மோதவிட்டால் சேப்பாக்கத்தில் யார் வெல்வார்கள் என்று பந்தயம் கட்டமாட்டேன்.

பெண்கள் அணி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாதா? – தாம்பரம், கல்லூரி மாணவி

தெரியும் அம்மா, கேட்கப்படும்வரை போடாமல் இருந்தது என் குற்றம். 2024 ஜூனில் இதே சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149. முதல் விக்கெட்டுக்கு 292. அதே ஆட்டத்தில் சினே ரானா 77 ரன்னுக்கு 8. ஆக மூவர் ஏற்கெனவே உள்ளே. சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி, மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி, ஆறு ஆயிற்று. மீதி ஐவர் அடுத்த இதழில். கீப்பர் யார் என்று மட்டும் நீங்கள் எழுதி அனுப்புங்கள். நான் சொன்னால் மறுபடியும் ஒரு துணிப்பை வாங்க வேண்டியிருக்கும்.