ஆட்ட முறை மாறினால் பந்தையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: கிள்ளானில் இருக்கிறோம். என் மகனுக்கு 15 வயது, மூன்று வருடமாக டென்பின் போலிங் ஆடுகிறான். இந்த வருடம் அவன் கலந்துகொண்ட இரண்டு போட்டிகளிலும் ஆட்ட முறையை மாற்றிவிட்டார்கள். ஒன்றில் கணக்கு போடும் விதம் வேறு. அவனுடைய புள்ளிகள் வழக்கத்தைவிடக் கூடின, ஆனால் இடம் கீழே போய்விட்டது. இன்னொன்றில் குழு ஆட்டம் பேக்கர் முறையாம், ஒரு ஆட்டத்தின் பத்து ஃபிரேம்களில் (ஃபிரேம் என்பது வீசக் கிடைக்கும் ஒரு சுற்று, பொதுவாக இரண்டு வீச்சு வரை) இரண்டே இரண்டுதான் வீசினான். புது முறைக்குப் புதுப் பந்துகள் தேவை என்று தெரிந்த ஒருவர் இரண்டு பந்தும் பயிற்சியும் சேர்த்து 3,000 ரிங்கிட்டுக்கு மேல் கேட்கிறார். அமெரிக்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துக்கும் வழி செய்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் ஐயா. மாறியது கணக்கும் வீசும் வரிசையும்தான். பந்து உருளும் லேன் அதே 60 அடி, வீழ்த்த வேண்டிய பின்கள் அதே பத்து. கணக்கு மாறியதற்காகப் பந்து வாங்குவது, தேர்வுத் தாளின் அமைப்பு மாறியதற்குப் புதுப் பேனா வாங்குவது மாதிரி.

புள்ளி கூடியும் இடம் ஏன் இறங்கியது? பழைய கணக்கில் ஸ்ட்ரைக் (முதல் வீச்சிலேயே பத்துப் பின்களும் விழுவது) விழுந்தால் அடுத்த இரண்டு வீச்சுகளும் அதோடு கூடும். அதனால் தொடர்ச்சியாக ஸ்ட்ரைக் அடிப்பவனுக்குக் கொண்டாட்டம். உங்கள் மகன் ஆடியது அநேகமாக 'கரன்ட் ஃபிரேம்' கணக்கு. அதில் அந்தத் தொடர் இல்லை. ஸ்ட்ரைக் என்றால் அங்கேயே 30. ஸ்பேர் (மிச்சப் பின்களை இரண்டாம் வீச்சில் வீழ்த்துவது) என்றால் 10, அதோடு அந்த ஃபிரேமின் முதல் வீச்சில் விழுந்தது. இரண்டும் இல்லையா, விழுந்த பின்களின் எண்ணிக்கை மட்டும். பத்தாவது ஃபிரேமில் கூடுதல் வீச்சும் கிடையாது. உச்சம் இதிலும் 300தான்.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு பையன் முதல் ஐந்து ஃபிரேமிலும் ஸ்ட்ரைக் அடிக்கிறான். அடுத்த ஐந்திலும் 9 பின் விழுந்து, மிச்சம் ஒன்றைத் தவறவிடுகிறான். பழைய கணக்கில் அவனுக்கு 183. இன்னொருவனுக்கும் ஐந்து ஸ்ட்ரைக், ஐந்து ஒன்பதுகள்தான். ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றாக விழுகின்றன. அவனுக்கு 140. இதே இரண்டு பேரும் கரன்ட் ஃபிரேமில் ஆடினால் ஆளுக்கு 195. முதல் பையனுக்கு 12 புள்ளி கூடியது, 43 புள்ளி முன்னிலை போயே போய்விட்டது. உங்கள் மகனுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அவன் விட்டுவிட்டு அடிப்பவன் அல்ல, சூடு பிடித்தால் வரிசையாக அடிப்பவன் என்று நினைக்கிறேன்.

அந்தத் தாளை இன்னும் மடிக்காதீர்கள். அந்த முதல் பையன் தவறவிட்ட ஐந்து பின்களையும் அடித்து ஸ்பேர் ஆக்கியிருந்தால்? கரன்ட் ஃபிரேமில் 195 என்பது 245 ஆகிவிடும். பழைய கணக்கில், கடைசிக் கூடுதல் வீச்சிலும் 9 விழுந்ததாக வைத்துக்கொண்டால், 183 என்பது 234. ஒன்றில் 50 கூடுகிறது, மற்றதில் 51. எந்த முறை வந்தாலும் தவறவிட்ட ஸ்பேருக்கு விலை கிட்டத்தட்ட பத்துப் புள்ளி. உங்களிடம் பணம் கேட்பவர் இதைச் சொல்ல மாட்டார், ஏனென்றால் ஸ்பேர் பழக விலை உயர்ந்த பந்து எதுவும் தேவையில்லை.

அடுத்து பேக்கர். இது புதிய சரக்கே இல்லை. அமெரிக்கன் போலிங் காங்கிரஸ் என்ற பழைய அமைப்பில் செயலாளராக இருந்த ஃபிராங்க் பேக்கரின் பெயரில் வழங்குவது. ஐந்து பேர் சேர்ந்து ஒரே ஆட்டத்தை ஆடுவார்கள். முதல் ஆள் 1, 6 ஆகிய ஃபிரேம்கள், இரண்டாம் ஆள் 2, 7. இப்படியே போய் ஐந்தாம் ஆளுக்கு 5, 10. பொதுவாக ஃபிரேமுக்கு ஃபிரேம் லேன் மாறும் என்பதால் உங்கள் மகனுக்கு ஒரு லேனில் ஒரே ஒரு ஃபிரேம். தவறினால் அடுத்த வீச்சில் சரிசெய்துகொள்ள முடியாது. உட்கார்ந்து மற்ற நால்வரும் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் லேனில் பூசிய எண்ணெயும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். வீசாமல் இருக்கும் நேரத்தில் கைப்பேசியைப் பார்க்காமல் அடுத்தவர் பந்து எங்கே திரும்புகிறது என்று பார்க்கிற பிள்ளை தேறும். பயிற்சியிலும் அப்படியே செய்யட்டும்: ஒரு ஃபிரேம் வீசு, ஐந்து நிமிடம் உட்கார், பிறகு பக்கத்து லேனில் ஒன்று. கடைசி ஃபிரேமை வீசும் ஐந்தாவது ஆளாக அவனை ஏன் போடவில்லை என்று பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இருபது வருடமாக லேன் ஓரம் நின்று நான் அதிகம் பார்த்த சண்டை அதுதான்.

ஏற்பாட்டாளர்கள்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். எனக்கும் உண்டு. இரண்டு போட்டி ஒரே மாதிரி நடப்பதில்லை. விதித்தாள் மூன்று நாளைக்கு முன்னால் வாட்ஸாப்பில் வரும், அதுவும் பாதி மங்கலாக. ஒரு போட்டியில் தகுதிச் சுற்றுப் புள்ளிகள் இறுதிக்கும் சேருமா, பூஜ்யத்திலிருந்து ஆரம்பமா என்பதை நடுவராக நின்ற எனக்கே காலையில்தான் சொன்னார்கள். கட்டணம் கட்டும் முன்பே இதைக் கேளுங்கள். கணக்கு எந்த முறை, லேனில் எந்த எண்ணெய் அமைப்பு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பந்தே வாங்கக் கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 15 வயதில் பையன்களின் விரல் மாதத்துக்கு மாதம் மாறும். கட்டைவிரல் துளை இறுகினால் பந்து கையைவிட்டுத் தாமதமாக வரும். தளர்ந்தால் இறுக்கிப் பிடிப்பான், மணிக்கட்டு வலிக்கும். பயிற்சி முடிந்ததும் அவன் கட்டைவிரலைப் பாருங்கள். பக்கவாட்டில் சிவந்திருந்தாலோ தோல் உரிந்திருந்தாலோ துளைதான் காரணம். அப்போதும் முதல் வேலை புதுப் பந்து இல்லை; இருக்கிற பந்தின் துளைகளை அடைத்து, கையை மறுபடி அளந்து புதிதாகத் துளைப்பது. செலவில் பெரிய வித்தியாசம் இருக்கும். பழைய பந்து அவனுக்கு இப்போது எடை குறைவாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். அதிலும் ஒரே தாவலாக இரண்டு மூன்று பவுண்டு ஏற்ற வேண்டாம்.

அவனிடம் வளையாமல் நேராகப் போகும் பிளாஸ்டிக் ஸ்பேர் பந்து இல்லையென்றால் அதை மட்டும் வாங்கலாம். எல்லாவற்றிலும் மலிவானது அதுதான், அதனால்தான் யாரும் அதை உங்களிடம் தள்ளுவதில்லை.

பழைய பந்து மலிவாகக் கிடைத்தால் துளைகளை எண்ணுங்கள். விரல் போகாத ஒரு துளை கூடுதலாக இருந்தால் அது எடைச் சமநிலைக்காகப் போட்டது. இப்போதைய அமெரிக்க அமைப்பான யுனைடெட் ஸ்டேட்ஸ் போலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் அதை அனுமதிப்பதில்லை. அந்தப் பந்துகள் எங்கே போயின என்கிறீர்கள்? விஷயம் தெரியாத பெற்றோர் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

உபகாரச் சம்பளம் பற்றி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பான என்சிஏஏ 2004 முதல் போலிங் சாம்பியன்ஷிப் நடத்துகிறது, பெண்களுக்கு மட்டும். ஆண்களுக்கு அதில் சாம்பியன்ஷிப்பே இல்லை. உங்கள் நண்பர் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஆண்களுக்குக் குழு வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. அங்குள்ள பயிற்சியாளர்களுக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதலாம், தரகர் வேண்டாம். 17 வயதில் எழுதினால் போதும்.

இப்போதைக்கு வாரத்தில் ஒரு நாள், லேன் காலியாக இருக்கும் காலை வேளையில், முழு பின்களும் நிற்கட்டும், அவன் வலது ஓரத்தில் நிற்கும் 10-ஆம் பின்னை மட்டும் குறிவைத்து ஐம்பது முறை வீசட்டும். எத்தனை முறை அது விழுந்தது என்று நீங்கள் குறித்து வையுங்கள். அவன் வலக்கையா இடக்கையா என்று எழுதவில்லை. இடக்கை என்றால் இடது ஓரத்தில் நிற்கும் 7-ஆம் பின்.