தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மார்ச் மாதம் மொட்டைமாடியில் க்ரோ பேக்கில் பூண்டு நட்டேன். தாள் பச்சைப்பசேல் என்று வளர்ந்தது. நாலு மாதம் கழித்துப் பிடுங்கினால் அடியில் சின்ன வெங்காயம் மாதிரி ஒரே ஒரு உருண்டை, பல்லே பிரியவில்லை. உரம் போதவில்லையா? (வாசகி, மதுரை)

பதில்: உரம் இல்லை, குளிர்தான் போதவில்லை. பூண்டு பல் பல்லாகப் பிரிய வேண்டுமென்றால் அதற்குச் சில வாரமாவது நல்ல குளிர் பட வேண்டும், அதனால்தான் பூம்பாறை, மன்னவனூர் என்று கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் அது அப்படி விளைகிறது (அந்த மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது), மார்ச் மாத மதுரை மொட்டைமாடியில் பாவம் அது என்ன செய்யும்? அந்த உருண்டையைத் தூக்கிப் போடாதீர்கள், குழம்புக்கு ஆகும்.

மறுபடி முயல ஆசை என்றால் செப்டம்பர் கடைசியில் நல்ல பெரிய பூண்டாக வாங்கி, உடைக்காமல் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறு வாரம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். நவம்பர் நடுவில் எடுத்து, நடுகிற அன்றைக்கே பல்லைப் பிரித்து, வெளிச்சுற்றில் இருக்கும் பருத்த பற்களை மட்டும் தோல் உரிக்காமல் நடுங்கள். கூர்முனை மேலே, தட்டையான வேர்ப்பக்கம் கீழே, இரண்டு அங்குல ஆழம், பல்லுக்குப் பல் நாலு அங்குலம். அந்தச் சமயம் மழைக்காலம் வேறு, பையில் தண்ணீர் தேங்கினால் பல் அழுகிவிடும், அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நட்டு இரண்டு மாதம் ஆனபிறகு சாண உரம், கடலைப் பிண்ணாக்கு எதுவும் போட வேண்டாம், தாள்தான் கொழுக்கும். அடித்தாள்கள் காயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தி, பாதித் தாள் காய்ந்ததும் பிடுங்கி நிழலில் உலர்த்துங்கள். இவ்வளவு செய்தாலும் கடைப்பூண்டு அளவுக்கு வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அப்போ சமவெளியில் பூண்டு நடுவதே வீணா? (அதே வாசகி)

பதில்: தாளுக்காக நடுங்கள், அதற்குக் குளிரும் வேண்டாம், மாதமும் பார்க்க வேண்டாம். அடுப்படியில் முளைவிட்டுக் கிடக்கும் பற்களை ஒரு பழைய டப்பாவில் நெருக்கமாகவே ஊன்றிவிடலாம். முக்கால் அடி வளர்ந்ததும் அடியில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், இரண்டு மூன்று தடவை வெட்டலாம். பொடியாக நறுக்கி தோசை மேல் தூவுங்கள், ஆம்லெட்டில் போடுங்கள். துவையலுக்கு என்றால் நிறைய வதக்காதீர்கள், வாசனை போய்விடும்.