வீட்டுக்கல்வி பயின்ற பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்தில் 'கூடுதல் தகவல்' பகுதியை நிரப்ப வேண்டுமா?

மகளின் நான்கு வருடப் பாடத்திட்டம் முழுவதையும், பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாக அனுப்ப உதவும் காமன் ஆப்பின் 'கூடுதல் தகவல்' பெட்டியில் எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று போட்டிருந்தாலும், காலியாக விட்டால் பிள்ளையைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்று வயிற்றைக் கலக்கும். எனக்கும் 2023-இல் அப்படித்தான் இருந்தது.

நாங்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறோம். 1994-இல் இந்த மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் இங்கே வீட்டுக்கல்வி தனியார் பள்ளிக்கு நிகரானது. அரசிடம் பதிவு செய்ய வேண்டியதில்லை, யாரும் வந்து சோதிப்பதுமில்லை. மகன் சிறுவனாக இருந்தவரை அது பெரிய நிம்மதி. பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் அதுவே பயமாகிவிட்டது. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து என்னுடையது, கவுன்சிலர் (பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டுபவர்) எழுத வேண்டிய கடிதமும் என்னுடையது. பெற்ற தாய் போட்ட மதிப்பெண்ணை எவர் நம்புவார்? "பள்ளிக்கூடமே போகாத பையனை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும்?" என்று ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் கேட்ட உறவினர்களுக்கும் சேர்த்து அந்தப் பெட்டியில் பதில் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அப்போது வரம்பு 650 சொற்கள். மூன்று இரவுகளில் அத்தனையையும் நிரப்பினேன். ஏன் வீட்டில் படிக்க வைத்தோம், என்னென்ன புத்தகங்கள், எத்தனை மணி நேரம், எல்லாம் இருந்தன. பிள்ளையின் விண்ணப்பத்தில் தாய் எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். தவறுதான். ஆனால் பன்னிரண்டு வருடம் ஆசிரியராகவும் இருந்த தாயின் பதற்றம் அந்த இடத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மகன் படித்துப் பார்த்தான். "அம்மா, இது கவுன்சிலர் எழுத வேண்டியது. என் பெயரில் இதை அனுப்ப மாட்டேன்" என்றான்.

அவன் சொன்னது சரி. வீட்டுக்கல்வியில் பெற்றோரே கவுன்சிலர் என்பதால் காமன் ஆப்பில் நமக்கென்று தனிக் கணக்கு உண்டு. பள்ளி அறிக்கை, மதிப்பெண் பட்டியல், நம் 'பள்ளி'யைப் பற்றிய குறிப்பு, கவுன்சிலர் கடிதம் எல்லாம் அந்த வழியாகவே போகின்றன. பாட விவரம், பாடநூல்கள், மதிப்பெண் போட்ட முறை ஆகியவற்றின் இடம் அதுதான். நான் எழுதியதில் பாதியை அங்கே மாற்றினேன், மீதியை அழித்தேன். மாணவரின் பெட்டி மாணவருக்கு மட்டும்.

அதில் அவன் எழுதியது ஏறக்குறைய 120 சொற்கள். 2022 ஜனவரியில் கும்பகோணத்தில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவனை அழைத்துக்கொண்டு போனவள் ஜூன் வரை அங்கேயே இருந்தேன். அதனால் பத்தாம் வகுப்பின் இரண்டாம் பருவத்தில் கணிதமும் ஆங்கிலமும் மட்டும்தான். விட்டுப்போன வேதியியலை அந்தக் கோடையில் சமுதாயக் கல்லூரியில் ஆய்வகத்தோடு முடித்தான். என்ன நடந்தது, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எப்படி ஈடுசெய்தேன், அந்தக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியல் தனியாக வரும். இவ்வளவுதான் எழுதினான்.

எனக்கு மனம் கேட்கவில்லை. தினமும் காலையில் தாத்தாவின் வலக்கையில் எண்ணெய் தடவி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிவிட்டவன் அவன். அப்பா மறுபடியும் டம்ளரைத் தானே பிடித்துக் காபி குடிக்க மூன்று மாதம் ஆனது. முதல் நாள் பாதிக் காபி வேட்டியில் கொட்டியது, இரண்டு பேரும் சிரித்தார்கள். அதை எழுதேன் என்று கெஞ்சினேன். "ஏன் இரண்டு பாடம்தான் இருக்கிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அதற்குத்தான் இந்தப் பெட்டி" என்று மறுத்துவிட்டான். அந்தப் பெட்டியை இன்னொரு கட்டுரையாக மாற்றாமல் விட்டது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இந்த 120 சொற்களால்தான் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை.

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா போட்ட மதிப்பெண்ணுக்கு வெளிச்சான்று வேண்டும் என்றுதானே பிள்ளைகளை ஏ.பி. தேர்வு (பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தரப் பொதுத்தேர்வு) எழுத வைக்கிறோம்? வீட்டில் படிக்கும் பிள்ளை அதை எழுத ஏதாவது ஒரு பள்ளி இடம் கொடுக்க வேண்டும். ஏழு பள்ளிகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். நாங்கள் கட்டும் சொத்து வரியும் போய்ச் சேரும் எங்கள் வட்டாரப் பள்ளியிலேயே "எங்கள் மாணவர்களுக்கு மட்டும்தான்" என்று வைத்துவிட்டார்கள். கடைசியில் 90 மைல் தள்ளி ஒரு சிறிய தனியார் பள்ளி சம்மதித்தது. மே மாதத் தேர்வுக்கு விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். ஒரு நாற்காலி, ஒரு மேசை, அதற்கான கட்டணத்தையும் நாங்களே கொடுக்கிறோம் என்று சொன்ன பிறகும் ஆறு பள்ளிகளுக்கு மனம் வரவில்லை. அந்தக் கசப்பையும் முதல் வரைவில் கொட்டியிருந்தேன். மகன் அதையும் நீக்கச் சொல்லிவிட்டான்.

இன்னொரு விஷயம். 2025 ஆகஸ்ட் முதல் புதிதாகக் கல்லூரி சேர்வோருக்கு இந்தப் பெட்டியின் வரம்பு 300 சொற்களாகக் குறைந்துவிட்டது. உடல்நலம், குடும்பச் சூழ்நிலை போன்றவற்றை எழுத 250 சொற்களில் தனிப் பெட்டி இருக்கிறது, அதுவும் கட்டாயமில்லை. எங்கள் கும்பகோண மாதங்கள் இன்றைக்கு என்றால் அங்கேதான் போயிருக்கும். மகளின் மதிப்பெண் பட்டியலை உங்களைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எந்த இடத்தில் புருவம் உயர்கிறது என்று பாருங்கள். எங்கேயும் உயரவில்லையென்றால் தாராளமாகக் காலியாக விடுங்கள். வீட்டுக்கல்வி மாணவர்களுக்கென்று சில கல்லூரிகள் வெளி ஆசிரியர் கடிதமோ பாட விவரமோ தனியாகக் கேட்கின்றன. ஒவ்வொரு கல்லூரியும் என்ன கேட்கிறது என்பதை நவம்பருக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.