விக்டிமைசேஷன் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? எங்கே பயன்படுத்துவது?

எங்கே படித்தீர்கள் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். குற்றவியலில் என்றால், ஒருவர் குற்றத்துக்கோ கொடுமைக்கோ ஆளாவது, அவ்வளவுதான். பர்ஸைப் பறிகொடுத்தவரும் அடக்கம், அடிபட்டவரும் அடக்கம். 'பாதிப்புக்கு ஆளாதல்' என்று எழுதினால் போதும்.

அலுவலகக் கடிதத்திலோ தொழிற்சங்க நோட்டீஸிலோ பார்த்திருந்தால் கதை வேறு. அங்கே அதற்குப் பெயர் பழிவாங்கல். ஓவர்டைம் பணம் வரவில்லை என்று ஒருவர் புகார் எழுதுகிறார். பத்து நிமிடம் தாமதமாக வந்தார் என்று அடுத்த வாரமே மெமோ. அன்று அவரோடு சேர்ந்து தாமதமாக வந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் இடமாற்றம், இன்க்ரிமென்ட் நிறுத்தம். ஒவ்வொரு தாளையும் தனியாக எடுத்துப் பார்த்தால் விதிப்படிதான் இருக்கும். தேதி வரிசையில் அடுக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லோர் மேலும் எரிந்து விழும் மேலாளர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் வெறும் சிடுமூஞ்சி.

பழிவாங்கும் நோக்கில் வேலைநீக்கம் செய்வதை, இந்தியாவின் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் தன் ஐந்தாம் அட்டவணையில் நேர்மையற்ற தொழில் நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், 27-ஆம் பிரிவில், இன்னும் விரிவாகப் போகிறது. பாகுபாடு பற்றிப் புகார் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, அந்த வழக்கில் சாட்சி சொன்னவருக்கும் பாதுகாப்பு உண்டு. 'இவர் புகார் கொடுக்கப் போகிறார் போல' என்று முந்திக்கொண்டு தொல்லை கொடுத்தாலும் அது பழிவாங்கல்தான். பொய்யான புகாரைக் கெட்ட எண்ணத்தோடு கொடுத்தவருக்குப் பாதுகாப்பு கிடையாது. என்னைக் கேட்டால், இந்தச் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான வரையறை தேவையில்லை.

'இரண்டாம் நிலை' என்று முன்னால் சேர்த்து வந்தால், அது குற்றவாளி செய்ததைப் பற்றியது அல்ல. உதவி கேட்டுப் போன இடத்தில் கிடைக்கும் காயம் அது. 'அந்த நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை?' என்ற கேள்வி ஒன்றே போதும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு, மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் பிறப்புறுப்பில் விரல்விட்டுச் செய்யப்பட்ட இருவிரல் சோதனை இதில் மிகக் கொடியது. அது அவர்களை மறுபடியும் பாதிப்புக்கு ஆளாக்குகிறது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022-இல் இதே சொல்லைக் கொண்டே கண்டித்தது.

சண்டையில் எதிராளியை மட்டம் தட்ட 'விக்டிம் கார்டு' என்கிறார்களே, அது வேறு சங்கதி; பாதிக்கப்பட்டவர்போல் நடிக்கிறார் என்று குத்திக்காட்டுவது.

நீங்கள் மனு எழுதத்தான் கேட்கிறீர்கள் என்றால், 'பழிவாங்கப்பட்டேன்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். என்ன புகார், எந்தத் தேதியில் கொடுத்தது, அதற்குப் பின் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பதையும் கூடவே எழுதுங்கள்.