மாமியாரும் ஒரு ஜோக்கரும்

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் கூடி போக்கர் ஆடுவோம். சீட்டுப் போடுகிறவர் புதிதாக ஓர் ஆட்டம் கண்டுபிடித்து, பெயரும் வைக்க வேண்டும். நான் கொண்டுவந்தது ‘மாமியார்’: ராணி திறந்து விழுந்தால், அடுத்துத் திறக்கும் சீட்டின் எண் முழுக்க ஜோக்கர், அதாவது எந்தச் சீட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். இன்னொருவர் ஐந்து சீட்டு ஆட்டத்தில் கட்டோடு ஒரே ஒரு ஜோக்கரைச் சேர்த்தார். “இரண்டு ஜோடியைவிட ஒரே எண் மூன்றுதான் அதிகம் வருகிறது, எது பெரியது என்ற வரிசையை மாற்று” என்று ஒருவர் கத்த, ஆட்டம் பாதியில் நின்றது. யார் பக்கம் நியாயம்?

பதில்: முதலில் உங்கள் ‘கண்டுபிடிப்பு’. அதை உலகம் எப்போதோ ‘ஃபாலோ த குவீன்’ என்று ஆடித் தீர்த்துவிட்டது. பெயர் மட்டும்தான் உங்களுடையது. அசலைவிட நன்றாக இருக்கிறது, சபாஷ்.

கத்தியவர் சொன்ன குறை சரி, கேட்ட பரிகாரம் தப்பு. 52 சீட்டில் வரக்கூடிய ஐந்து சீட்டுக் கைகள் 25,98,960. அதில் இரண்டு ஜோடி 1,23,552, ஒரே எண் மூன்று 54,912. அரிதானது பெரியது என்பதால் மூன்றே ஜெயிக்கும், வம்பில்லை. இப்போது ஜோக்கரை உள்ளே விடுங்கள். ஒரு ஜோடியும் ஜோக்கரும் கையில் இருப்பவர் அதை இரண்டு ஜோடி என்றா காட்டுவார்? மூன்றாக்கித்தான் காட்டுவார். உடனே மூன்று 1,37,280 ஆகிவிடும். இரண்டு ஜோடி இருந்த இடத்திலேயே இருக்கும். சரி, இரண்டு ஜோடியே பெரியது என்று மாற்றினால்? அதே ஆட்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் தாவுவார்கள். இரண்டு ஜோடி 2,05,920, மூன்று பழையபடி 54,912. எதைப் பெரியது என்கிறீர்களோ அதுவே மலிந்துபோகும். கணக்கு இதைத் தீர்க்காது; ஆறு பேரும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும், அதுவும் சீட்டுப் போடுவதற்கு முன்னால். (வைத்தது காசா, பொத்தானா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.)

வரிசையை மாற்றியே தீர வேண்டும் என்றால் சீட்டைக் குறையுங்கள். 2 முதல் 5 வரை எடுத்துவிட்டு 36 சீட்டில் ஆடும் ‘ஷார்ட் டெக்’கில் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்), ஃபுல் ஹவுஸைவிட (ஒரே எண் மூன்றும் ஒரு ஜோடியும்) பெரியது; வழக்கமான ஆட்டத்தில் இது தலைகீழ். ஓர் இனத்துக்கு ஒன்பது சீட்டுதான் என்பதால் ஃப்ளஷ் அங்கே நிஜமாகவே அரிது. இஷ்டத்துக்கு வேஷம் மாற்றும் சீட்டு இல்லாததால் கணக்கும் நிற்கும்.

பெயர் விஷயத்தில் ‘பேஸ்பால்’ ஆட்டத்தைப் பாருங்கள். அந்த விளையாட்டில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்பதால் 3-ம் 9-ம் ஜோக்கர். நாலு ‘பால்’ (எல்லைக்கு வெளியே போகும் வீச்சு) போனால் அடிப்பவருக்கு இலவசமாக ஒரு பேஸ் என்பதால் 4 திறந்து விழுந்தால் கூடுதலாக ஒரு சீட்டு. பெயரே விதியை ஞாபகப்படுத்திவிடும். உங்கள் மாமியார் ராணியோடு நின்றுவிடுகிறார். இரண்டாவது ராணி விழுந்தால் பழைய ஜோக்கர் செல்லுமா? கடைசியாகத் திறக்கும் சீட்டே ராணி என்றால்? கடிதத்தில் இரண்டுக்குமே பதில் இல்லை. அடுத்த சண்டைக்கு ஆள் தேட வேண்டாம், நீங்களே போதும்.